கையைப் பிடித்து இழுக்காதீங்க

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். உள்ளறையிலிருந்து திண்ணைக்கு வர ஒரே ஒரு நிலைப்படியைத் தாண்ட வேண்டும். அந்த வாசலுக்கு முன்னால் வந்ததும் அவருடைய இரண்டு பாதங்களும் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வர மறுக்கிறது, கட்டைவிரல்கள் மட்டும் தரையைப் பிறாண்டுகின்றன. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று முப்பது வருஷம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் அவர். நான் பையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் போவதற்குள், பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே அவர் மனைவி குரல் கொடுத்தார்.

"போலாம், ரைட்!"

வலது கால் எழுந்தது. படியைத் தாண்டி வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"இதை உங்களுக்கு யாரு ஆச்சி சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லுவா? ஒரு நாள் எரிச்சல்ல கத்தினேன். நடந்துட்டாவ. அதுலருந்து சொல்லுதேன்."

வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்வது என் தொழில். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாக ஸ்கூட்டரில் டவுன், பேட்டை, மேலப்பாளையம், பெருமாள்புரம் என்று சுற்றி வருகிறேன். பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, இடுப்பு எலும்பு முறிவு எல்லாம் பார்ப்பேன். ஆனால் வருஷக்கணக்கில் ஒரே வீட்டுக்குப் போக வைப்பது பார்க்கின்சன் நோய்தான். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்பார்கள். பக்கவாதம் ஒரு ராத்திரியில் வந்து ஆளைச் சாய்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறவிடும். நடுக்குவாதம் நேர் எதிர். மெல்ல வரும், போகாது. சிலர் அதோடு பதினைந்து, இருபது வருஷம் வாழ்கிறார்கள். அத்தனை வருஷமும் அந்த வீட்டில் இன்னொருவர் அதோடு வாழ்கிறார். நான் எழுத உட்கார்ந்தது அந்த இன்னொருவரைப் பற்றி.

மூளையின் அடிப்பகுதியில், நடுமூளையில், கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்கிருக்கும் நரம்புசெல்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. நாம் யோசிக்காமல் செய்கிற அசைவுகள், அதாவது நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, படுக்கையில் புரள்வது எல்லாம் தடையில்லாமல் நடக்க அது வேண்டும். அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கை நடுங்குகிறதே என்று டாக்டரிடம் போகிற நாளில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். நடுக்கம்தான் வெளியே தெரிகிறது. வீட்டில் இருப்பவரை வதைப்பது நடுக்கம் இல்லை, மந்தம். ஒரு சட்டைப் பொத்தானுக்குப் பத்து நிமிஷம், ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம். யோசிக்காமல் நடந்துகொண்டிருந்ததெல்லாம் இனி யோசித்து நடக்க வேண்டும். அந்த யோசனையை வெளியிலிருந்து ஒரு குரலோ, ஒரு கோடோ, ஒரு தாளமோ எடுத்துக் கொடுத்தால் கால் வந்துவிடும். கண்டக்டர் வீட்டு ஆச்சி கண்டுபிடித்தது அதைத்தான்.

இந்த நோயைப் பற்றி முதலில் முறையாக எழுதியவர் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817ல் ஒரு சிறு நூல், மொத்தம் ஆறு நோயாளிகள். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. ஆறாவது மனிதருக்கு 72 வயது. அவரை நடக்க வைக்க ஒரு உதவியாள் இருந்ததாக எழுதுகிறார். அந்த ஆள் நோயாளிக்கு எதிரே வந்து நிற்பான், இரண்டு தோளிலும் கை வைப்பான், முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுவான். நிலை கிடைத்ததும் ஒரு சொல் கொடுப்பார்கள்; நோயாளி ஓட்டமும் நடையுமாகக் கிளம்புவார். உதவியாள் சட்டென்று விலகி முன்னால் ஓடி, இருபது தப்படியில் அவர் விழப்போகும்போது பிடிக்கத் தயாராக நிற்பான். கல்லூரி முடித்துப் பல வருஷம் கழித்துத்தான் இதைப் படித்தேன். நான் வீடுகளில் சொல்லிக் கொடுக்கிற அதே ஆட்டம். இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மருந்தும் இல்லாத காலத்தில், பிசியோதெரபி என்ற சொல்லே இல்லாத காலத்தில், பெயர் சொல்லப்படாத ஒரு உதவியாள் அதைச் செய்திருக்கிறான். நோய்க்கு மருத்துவர் பெயர் நிலைத்தது. அந்த உதவியாளை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

வீடுகளில் முதல் நாள் நான் பார்ப்பது எப்போதும் ஒரே காட்சி. நோயாளி நின்றுபோவார், மனைவியோ மகனோ கையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தால் மேல்உடம்பு மட்டும் முன்னால் வரும், பாதம் அங்கேயே இருக்கும், இரண்டு பேரும் விழுவார்கள். "கையைப் பிடித்து இழுக்காதீங்க" என்பதுதான் நான் அதிகம் சொன்ன வாக்கியம். நில்லுங்க. நிமிருங்க. இடது வலதாக உடம்பை ஆட்டுங்க. பிறகு ஒரு பெரிய எட்டு வையுங்க. பக்கத்தில் இருப்பவர் வேறு எதுவும் பேசக் கூடாது. அவசரப்படுத்தினால் பூட்டு இன்னும் இறுகும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், பஸ் ஸ்டாண்டில் வண்டி திரும்புகிற மாதிரி அகலமாக வளைந்து திரும்ப வேண்டும். வாசல்படிக்கு முன்னால் தரையில் ஒரு எட்டுக்கு ஒன்றாக நிறமுள்ள டேப் ஒட்டச் சொல்வேன். பேட்டையில் ஒரு மருமகள் டேப் வாங்கவில்லை. மாமனார் அறையிலிருந்து குளியலறை வரை குறுக்குக் குறுக்காகக் கோலமாவில் கோடு இழுத்து வைத்திருந்தாள். தண்ணீர் பட்டு அழிகிறதே என்று பிறகு வெள்ளை பெயின்ட் வாங்கி அடித்துவிட்டாள். அவர் ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டிப் போய் வந்தார். வீட்டுக்கு வந்த உறவினர்கள் தரையைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

உறவினர்களைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள், கிளம்பும்போது ஒரு யோசனையை விட்டுவிட்டுப் போவார்கள். அதைச் செய்யவில்லையா, இங்கே கொண்டுபோகவில்லையா, நல்லெண்ணெய் தேய்த்தீர்களா. கேட்கிறவர்களுக்கு அன்புதான். கேட்கப்படுகிறவள் ராத்திரி தூங்காமல் கிடந்து, எதைச் செய்யாமல் விட்டோம் என்று யோசிப்பாள். ஒரு வீட்டில் யாரோ பூனைக்காலி விதைப் பொடி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல மூலிகைதான். அதில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். இரண்டும் சேர்ந்து உள்ளே போக, ஒரு வாரத்தில் அவர் உட்கார்ந்த இடத்தில் பாம்பு நெளிகிற மாதிரி நெளிய ஆரம்பித்தார். நோய் முற்றிவிட்டது என்று அந்த அம்மா அழுதார். பொடி டப்பாவை நான் பார்த்தது தற்செயலாகத்தான். அலமாரியில் மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டரிடம் சொல்லி நிறுத்தினோம். அந்த அம்மா அதற்குப் பிறகும் பல நாள், "நான்தான் குடுத்தேன், என் கையால குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லெவோடோபா மாத்திரைதான் இந்த வீடுகளின் கடிகாரம். உள்ளே போய் அரை மணி, முக்கால் மணியில் ஆள் திறப்பார்: நடப்பார், பேசுவார், தானே குளிப்பார். சில மணி நேரத்தில் மெல்ல மூடிக்கொள்வார். வருஷம் போகப் போக அந்தத் திறப்பு சுருங்கும். ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று ஒரு மாத்திரை பிந்தினாலும் அன்றைக்கு எல்லாம் தாறுமாறு. முதல் வருஷங்களில் இது எனக்கே சரியாகப் புரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு, மாத்திரை இறங்கிப்போன நேரத்தில் போய் நின்றுகொண்டு, உடற்பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறாரே என்று நொந்துகொள்வேன். இப்போதெல்லாம் போன் செய்து மாத்திரை நேரத்தைக் கேட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். பருப்பு, முட்டை, பால் போன்றவற்றின் புரதம் இந்த மாத்திரையோடு போட்டிபோடும். அதனால் பலருக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் போடச் சொல்வார்கள். டவுனில் ஒரு வீட்டில் ஒரு வருஷமாகக் காலை மாத்திரையைச் சத்துக்காகப் பாலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த மருந்துக் கடையிலும் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டுத் தண்ணீருக்கு மாற்றிய வாரத்தில் அவர் காலையில் தானே எழுந்து முகம் கழுவினார். இதில் யாரைக் குறை சொல்ல? பாலைச் சுண்டக் காய்ச்சிச் சூடு ஆற்றி வாயருகே கொண்டுபோன கையை என்னால் குறை சொல்ல முடியாது.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வேலைக்கு வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. படித்த தெம்பு. ஒரு மாமனாருக்குப் பன்னிரண்டு பயிற்சிகளைப் படம் போட்டு எழுதி, காலை மாலை செய்யச் சொல்லி, செய்ததும் டிக் அடிக்க ஒரு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படி ஏமாத்தினா யாருக்கு நஷ்டம்?" என்று அந்த மருமகளைக் கேட்டேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் எதிர்த்துப் பேசவில்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடிப்பது. ஆறு மணி மாத்திரை. ராத்திரி நனைந்த துணி. பிள்ளைகள் இரண்டுக்கும் சாப்பாட்டு டப்பா. மாமனாரைக் கழிவறைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டு வெளியே நிற்பது, அதுவே நாற்பது நிமிஷம். அவருக்கு மலச்சிக்கல், இந்த நோயில் அது கூடவே வரும். மத்தியானம் ஊட்டுவது. இரண்டு கை விரல்களும் முடிந்து, மறுபடியும் முதல் விரலுக்கு வந்தபோது அவள் நிறுத்திவிட்டாள். "அக்கா, இதுல எதை விட்டுட்டு அதைச் செய்யன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

அட்டவணையைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் தனியாகப் பயிற்சி என்று நான் எழுதிக் கொடுத்ததில்லை. அவர்கள் எப்படியும் செய்தாக வேண்டிய வேலைக்குள்ளேயே அதை நுழைத்துவிடுவேன். நாற்காலியிலிருந்து எழுப்புவது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நடக்கிறது. பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்ட முன்னால் குனிந்து, மூன்று தடவை ஆடி, மூன்றாவதில் அவரே எழட்டும். பத்துத் தடவை அப்படி எழுந்தால் தொடைக்கு அதைவிடப் பயிற்சி என்ன? துண்டைப் பிழிவது, துவைத்த துணியைக் கொடியில் எட்டிப் போடுவது, மொச்சை உரிப்பது எல்லாம் பயிற்சிதான். அவர் மெதுவாகச் செய்யட்டும். பாதி வேலை அவர் செய்தால் பாதி பாரம் அவளுக்குக் குறையும்.

தூக்குவதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலையில் பாதி. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் நோயாளியின் தோள் போகும். கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லித் தூக்கினால் தூக்குகிறவரின் கழுத்து போகும். பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து நோயாளியின் இடுப்பில் இறுக்கிக் கட்டச் சொல்வேன். பிடிக்க வேண்டிய இடம் அந்த மடிப்பு. படுக்கையில் புரள முடியாமல் ராத்திரியில் எட்டுத் தடவை கூப்பிடுகிறவர்களுக்குப் பூனம் சேலை. மேலிருந்து கீழ்வரை விரிக்கக் கூடாது. இடுப்புக்கு அடியில் வருகிற அளவுக்கு மட்டும் குறுக்கே விரித்து, இரண்டு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். பருத்தி விரிப்பு உடம்பைப் பிடித்து வைக்கும். பூனம் வழுக்கிக் கொடுக்கும். கட்டில் ஓரத்திலும் அது வந்துவிட்டால் உட்காரும்போது வழுக்கிக் கீழே விழுவார்கள், அது மட்டும் கவனம். எத்தனை வீடுகளில் இந்த ஒரு சேலை இரண்டு பேருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கிற சீட்டில் வராத துன்பம் ஒன்று உண்டு. முகத்தின் தசைகளும் மந்தமாகிவிடும். சிரிப்பு வராது, புருவம் ஏறாது, கண் சிமிட்டுவதே குறைந்துவிடும். டவுனில் ஒரு அம்மா என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கேட்டார்: "ரெண்டு வருஷமா என்னைப் பாத்து ஒரு சிரிப்பு இல்ல. நான் என்ன செஞ்சேன்னு கோவப்படுதாவ, நீங்க கேட்டுச் சொல்லுங்க." நாற்பது வருஷத் தாம்பத்தியம். எந்த டாக்டரும் அவரை உட்காரவைத்து, இது கோபமில்லை, நோய் என்று சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னதும் அவர் நம்பவில்லை. முன்னறைக்கு வந்து கணவரிடம் நேராகவே கேட்டார். அவர் குரலும் நோயில் அடங்கிப்போயிருந்தது. அருகில் குனிந்துதான் கேட்க வேண்டும். "உன் மேல எனக்கென்ன கோவம்" என்றார், அசையாத முகத்தோடு. அந்த அம்மா அடுக்களைக்குத் திரும்பிப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

சில சமயம் கனவில் அடிப்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் நம் எல்லோருக்கும் உடம்பு கட்டுண்டு கிடக்கும். இந்த நோயில் அந்தக் கட்டு அவிழ்ந்துபோவதுண்டு. கனவில் திருடனைத் துரத்தினால் கை நிஜமாகவே வீசும். கன்னத்தில் நீலம் பாய்ந்து நின்ற ஒரு பெண், கதவில் இடித்துக்கொண்டேன் என்று தன் அம்மாவிடமே பொய் சொல்லியிருந்தாள். கட்டிலைப் பிரித்துப் போடுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். டாக்டரிடம் சொல்லச் சம்மதித்தாள். கட்டிலைப் பிரிக்கத்தான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள்.

இனி எழுதப்போவது ஒரு ஆசிரியையைப் பற்றி. அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் இருந்த வீடு. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கின்சன். கடைசி இரண்டு வருஷம் மறதியும் சேர்ந்துகொண்டது. மூலையில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, அதற்குச் சோறு போடு என்பார். (அப்படி நேரும்போது இல்லை என்று சண்டை போடவும் வேண்டாம், ஆமாம் என்று தட்டு வைக்கவும் வேண்டாம், விளக்கைப் போட்டுப் பேச்சை மாற்றுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தின் அளவாலும் வரலாம் என்று சொல்லியிருந்தேன்.) ஒரு நாள் முடித்துவிட்டு நான் கிளம்பும்போது ஆசிரியை கேட் வரை வந்தார். என் ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ராத்திரி அம்மாவை அடிச்சுட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். கை கால் அசைக்க முடியாத ஒருவரை. வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போய் அந்த அம்மாவின் கன்னத்தையும் தோளையும் கையையும் பார்த்தேன். அது என் கடமை. காயம் இல்லை. அம்மா என்னைப் பார்த்து, "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

திண்ணையில் உட்கார்ந்தோம். எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினோரு மணிக்குப் படுத்தால் பன்னிரண்டரை, ஒன்றே முக்கால், மூன்று, மூன்றரை என்று விடிவதற்குள் எட்டு எழுப்பல். ஒரே நீட்டாக இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. காலையில் பள்ளிக்கூடம். பகலில் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள் ஐந்து மணிக்குப் போய்விடுவார். சென்னையில் ஒரு அண்ணன் இருந்தார். மாதா மாதம் பணம் அனுப்புவார். அடித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போடச் சொன்னேன். நடந்ததைச் சொல்ல வேண்டாம், தூங்காத கணக்கை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவரால் பேச முடியவில்லை. நான் வாங்கிப் பேசினேன். பணம் வேண்டாம் சார், ஆள் வேண்டும், மாதத்தில் நாலு ராத்திரி என்று சொன்னேன். தொழிலில் எல்லை மீறிய பேச்சு என்று சிலர் சொல்லலாம். மறுபடி அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்தாலும் இதைத்தான் செய்வேன். அண்ணன் வந்தார். ராத்திரிக்கு என்று ஒரு மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பூனம் சேலை விரித்தோம். எட்டு எழுப்பல் மூன்றாகக் குறைந்தது. அந்த நாலு ராத்திரியில் ஆசிரியை வேறு எங்கும் போகவில்லை. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்.

அதற்குப் பிறகுதான் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் போனதும் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்கிறவரின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்ப்பேன். தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் வீங்கியிருக்கும். இடுப்பு எப்படி இருக்கிறது, உங்கள் பிரஷர் மாத்திரையைப் போட்டீர்களா, கடைசியாக எப்போது வீட்டை விட்டு வெளியே போனீர்கள் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்குத்தான் பலரும் பதில் சொல்ல யோசிப்பார்கள். போன கல்யாணத்தை நினைத்துப் பார்த்து மாதம் சொல்வார்கள். பொறுமை என்ற சொல்லை நான் அந்த வீடுகளில் சொல்வதே இல்லை. பொறுமையாக இருங்கள் என்று ஊரே சொல்கிறது. நான் கேட்பது ஒரு மணி நேரம். யார் வந்து அந்த ஒரு மணி நேரம் உட்காருவார்கள் என்பதை அன்றைக்கே முடிவு செய்யாமல் எழுந்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன், கொழுந்தன், சர்ச்சில் தெரிந்தவர், யாராக இருந்தாலும் சரி. அந்த நேரத்தில் கடைக்குப் போகக் கூடாது, வேலை செய்யக் கூடாது என்றும் சொல்வேன். ஒரு அம்மா தினமும் சாயங்காலம் ஆற்றங்கரை வரை போய்த் தாமிரபரணியில் காலை நனைத்துவிட்டு வந்தார். வேறொன்றும் செய்யவில்லை. அவரைத்தான் நான் பார்த்தவர்களில் நன்றாகத் தாங்கியவர் என்று சொல்வேன்.

ஆண்கள் பார்த்துக்கொள்கிற வீடுகளும் உண்டு. ரிட்டயர்டான ஒரு தலைமையாசிரியர், மனைவிக்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். மாத்திரை நேரம், நடந்த எட்டுகள், குடித்த தண்ணீர், தொண்டையில் அடைத்த உணவு எல்லாம் தேதி வாரியாக. தண்ணீர்தான் அதிகம் புரையேறுகிறது, கெட்டிக் கஞ்சி ஏறவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, வாயில் இருப்பது இறங்கிய பிறகே அடுத்த கரண்டி என்று அவர் கற்றுக்கொண்டார். ஊரே அவரைக் கும்பிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதே தெருவில் அதே வேலையைச் செய்த மூன்று மருமகள்களை யாரும் கும்பிடவில்லை என்பதையும் இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கேட்கச் சொல்வேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. இது பலருக்குத் தெரியாது. கை கால் இருக்கிறதே, ஊனம் என்று எப்படிப் போய் நிற்பது என்று கூசுவார்கள். அடையாள அட்டை வாங்கி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால், தகுதியானவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, காசு கொடுத்து என்னைப் போன்றவர்களைக் கூப்பிட முடியாத வீடுகளுக்கும் பிசியோதெரபிஸ்டுகள் போகிறார்கள். போகிற பிள்ளைகளில் சிலர் என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள். மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள் என்றுதான் அவர்களிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

போன மாசியில் கண்டக்டர் வீட்டு ஆச்சியிடமிருந்து போன். அவருக்கு என்ன ஆச்சோ என்று பதறிக்கொண்டு போனேன். அவர் திண்ணையில் நாற்காலியில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். "அவுகளுக்கு இல்லம்மா. எனக்குத்தான். முட்டு மடக்க முடியல" என்றார் ஆச்சி. அவர் தனக்காக என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பீடித் தட்டு சுவரில் சாய்த்து வைத்திருந்தது. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றியவர். கணவருக்கு முடியாமல் போன பிறகு நானூறு. சம்மணம் போட்டே பல வருஷம் உட்கார்ந்த முழங்கால் அது.

கணவர் படுக்கிற கட்டிலில் அவரைப் படுக்கவைத்தேன். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அழுத்தி, ஐந்து எண்ணி விடச் சொன்னேன். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே என்று கண்டக்டரை உள்ளே வரச் சொன்னோம். வாசலில் நின்றார், ஒரு தடவை உடம்பை ஆட்டிக்கொண்டார், தானே படியைத் தாண்டி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஆச்சி. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்துச் சொல்வது அவருக்கும் பயிற்சி என்பதால் நானும் விட்டுவிட்டேன். பத்துத் தடவை முடிந்தது.

ஆச்சி எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். பாதியில் வலி பிடித்து அப்படியே நின்றுவிட்டார். நான் கையை நீட்டப் போனேன். அதற்குள் பக்கத்தில் இருந்து அந்த அடங்கின குரல்.

"போலாம், ரைட்."

"சத்தமா," என்றார் ஆச்சி.

இன்னொரு தடவை சொன்னார்.